நகராட்சி விமான நிலையத்தில் ஏழு மாத ஹேங்கர் வாடகை நிலுவை: பூட்டை மாற்றலாமா?

கேள்வி – ஓடுதளக் காவலன்

அமெரிக்காவில் சிறு நகராட்சி ஒன்றுக்குச் சொந்தமான விமான நிலையத்தை நிர்வகிக்கும் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. டி-ஹேங்கர் (T வடிவில், ஒரு சிறு விமானம் நிற்கும் கொட்டகை) ஒன்றின் வாடகைதாரர் மாதம் 310 டாலர் வீதம் ஏழு மாதமாக, அதாவது 2,170 டாலர், கட்டவில்லை. அவருடைய ஒற்றை எஞ்சின் விமானம் டயரில் காற்றிறங்கி உள்ளே நிற்கிறது. கடிதங்களுக்குப் பதில் இல்லை. இடம் கேட்டுப் பதினான்கு பேர் காத்திருக்கிறார்கள். பூட்டை மாற்றி, விமானத்தை விற்று நிலுவையை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் நகர்மன்ற உறுப்பினர் ஒருவர். பல ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டியவர், தள்ளுபடி செய்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை.

மறுமொழி – வாடகை ஒப்பந்தம்

பூட்டைத் தொடாதீர்கள். நீதிமன்ற ஆணையின்றி வாடகைதாரரை வெளியே நிறுத்துவது பல மாநிலங்களில் சட்டவிரோதம். அனுமதிக்கும் மாநிலத்திலும் ஒப்பந்தம் அதற்கு இடம் தரவேண்டும். ஒப்பந்தத்தில் அறிவிப்புக்கும் நிலுவையைத் தீர்ப்பதற்கும் எத்தனை நாள் குறித்திருக்கிறது என்று பார்த்து, அதன்படியே, நகராட்சி வழக்கறிஞர் வழியாக, ஒப்புகையுடன் கூடிய பதிவஞ்சலில் அனுப்புங்கள்.

விற்பனை அதைவிடச் சிக்கலானது. வாடகைக்கு ஈடாகப் பொருளைப் பிடித்துவைக்கும் பற்றுரிமை உங்களுக்கு உண்டா என்பதை மாநிலச் சட்டமும் ஒப்பந்தமும்தான் தீர்மானிக்கும். விமானத்தின் மேல் வங்கிக் கடன் இருக்கக்கூடும். அது ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. (கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம்) விமானப் பதிவேட்டில் தெரியும் என்பதால், விமானம் யாருடையது, அதன்மேல் யாருக்கு உரிமை என்று முதலில் அங்கே தேடிப் பாருங்கள். அவர் திவால் மனு கொடுத்திருந்தால் வசூல் நடவடிக்கை அனைத்தும் அந்த நொடியே நிற்கவேண்டும். அவர் படைப்பணியில் இருந்தால், பணிக்காலத்திலும் அதன் பின் 90 நாளிலும், பொருளை வைத்திருந்த வாடகைக்கான பற்றுரிமையை நீதிமன்ற ஆணையின்றிச் செயல்படுத்தக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது.

மறுமொழி – மானியக் கோப்பு

தள்ளுபடியைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் இரக்கத்தால் எடுத்த முடிவே பின்னாளில் பெரிய தொல்லையாகும். உங்கள் நிலையம் எஃப்.ஏ.ஏ. மானியம் பெற்றிருந்தால், அதற்கு நிபந்தனையாக நகராட்சி கையெழுத்திட்ட உறுதிமொழிகளில் 24ஆவது, சூழ்நிலை அனுமதிக்கும் அளவுக்கு நிலையம் தன் செலவைத் தானே ஈடுகட்டும்படி வாடகையை அமைக்கச் சொல்கிறது. 22ஆம் உறுதிமொழி நியாயமற்ற பாகுபாட்டைத் தடுக்கிறது. ஒருவருக்கு மட்டும் ஓசையின்றி விட்டுக்கொடுத்தால், மற்ற வாடகைதாரர்கள் எஃப்.ஏ.ஏ.விடம் புகார் செய்ய வழி திறக்கிறது. தவணை ஒப்பந்தம் தரலாம்; ஆனால் அது எழுத்தில் இருக்கவேண்டும், நாளை வேறொருவர் கேட்டாலும் அதே விதியில் கிடைக்கவேண்டும்.

பறக்காத விமானத்தைப் பற்றியும் ஒரு சொல். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள எஃப்.ஏ.ஏ. கொள்கைப்படி ஹேங்கர் முதன்மையாக விமானப் பயன்பாட்டுக்கு உரியது. பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்தால் அது வேறு. கைவிடப்பட்ட விமானத்தைக் காலவரையின்றி நிறுத்திவைப்பது விமானப் பயன்பாடாகாது.

ஓடுதளக் காவலன்

பழைய காப்பீட்டுச் சான்றில் இருந்த மாற்றுத் தொலைபேசி எண்ணில் அவருடைய மகள் கிடைத்தார். வாடகைதாரரான தந்தை நான்கு மாதமாக மருத்துவமனையிலும் மறுவாழ்வு இல்லத்திலும் இருக்கிறார். கடிதங்கள் பிரிக்கப்படாமல் வீட்டில் கிடந்திருக்கின்றன. அடுத்த வாரமே 600 டாலர் கொடுத்து, மீதியைத் தவணையில் தீர்க்க மகள் முன்வருகிறார். பதிவஞ்சல் அறிவிப்பு நேற்றுத்தான் சென்றது. பணத்தை வாங்கிக்கொள்ளலாமா?

மறுமொழி – வாடகை ஒப்பந்தம்

தந்தைக்கு நேர்ந்ததைக் கேட்டு வருத்தமாக இருக்கிறது. பேசும்போது முதலில் அதை விசாரியுங்கள். அறிவிப்பு அனுப்பியபின் பகுதித் தொகையை வாங்கினால், அந்த அறிவிப்பையே கைவிட்டதாகச் சில மாநிலங்களில் கொள்ளப்படலாம். ஆகவே தவணை ஒப்பந்தம் கையெழுத்தானபின், நகராட்சியின் உரிமைகள் அப்படியே தொடர்கின்றன என்ற வரியோடு ரசீது கொடுத்து வாங்குங்கள். தந்தையின் சார்பில் கையெழுத்திட மகளிடம் அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், நினைவு தெளிவாக இருக்கும் நாளில் தந்தையிடமே கையெழுத்து வாங்கலாம். விமானக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.