ஃபோர்டோட முதல் கம்பெனி ஏன் ஒன்றரை வருஷம் கூட தாக்குப்பிடிக்கல?

கியர்பாக்ஸ்_மாணவன்:
எல்லாருக்கும் வணக்கம். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறேன், அடுத்த வாரம் செமினார் எடுக்கணும். ஹென்றி ஃபோர்டுன்னாலே 1903ல ஆரம்பிச்ச ஃபோர்டு மோட்டார் கம்பெனிதான்னு இவ்ளோ நாளா நெனச்சிட்டு இருந்தேன், இப்ப படிக்கும்போதுதான் அதுக்கு முன்னாடியே டெட்ராய்ட் ஆட்டோமொபைல் கம்பெனின்னு ஒண்ணு இருந்து மூடிட்டாங்கன்னு தெரியுது. அதுல மொதல்ல வெளிய வந்தது கார் கூட இல்லயாம், கடைச் சரக்கு கொண்டுபோற டெலிவரி வண்டியாம். ரெண்டு விஷயம் புரியல. அவ்ளோ பெரிய ஆள் இருந்தும் ஏன் படுத்துச்சு? அந்த கம்பெனிதான் கேடிலாக்ங்கிற கார் கம்பெனியா மாறுச்சுன்னு ஒரு இடத்துல போட்டிருக்கு, அது சரியா?

பழைய_இரும்பு:
தம்பி, 1899ல அவர் பெரிய ஆள் கிடையாது, அதை மொதல்ல மனசுல வச்சுக்கோங்க. டெட்ராய்ட்ல எடிசன் கரண்ட் கம்பெனில சீஃப் இன்ஜினியர், மாசச் சம்பளக்காரர். ராத்திரில வீட்டுக்குப் பின்னாடி இருந்த கொட்டகைல உக்காந்து ஒரு வண்டி பண்ணினார், நாலு சைக்கிள் சக்கரம், 1896 ஜூன்ல ஓட்டிப் பாத்தார். கதவு வழியா வண்டி வெளிய வராம செவுத்த ஒடச்சு எடுத்தாங்க. அதை 200 டாலருக்கு வித்துட்டு அடுத்த வண்டில எறங்கிட்டார்.

அந்த அடுத்த வண்டிலதான் வில்லியம் மர்ஃபின்னு ஒரு மரவியாபாரப் பணக்காரர ஏத்திக்கிட்டு ஊரச் சுத்திக் காட்டினார், பாண்டியாக் வரைக்கும் போய் திரும்புனாங்க, வண்டி நிக்கல. அதுல திருப்தியாகித்தான் மர்ஃபி, டெட்ராய்ட் மேயர் மேபரி இன்னும் சிலர் சேந்து 1899 ஆகஸ்ட்ல கம்பெனி ஆரம்பிச்சாங்க. மூலதனம் 1,50,000 டாலர்னு பேப்பர்ல இருக்கும், மொதல்ல கைக்கு வந்த ரொக்கம் 15,000 தான். பத்து நாள்ல ஃபோர்டு வேலைய விட்டுட்டு வந்துட்டார். பெட்ரோல் இன்ஜின் வேலைய விட்டா பெரிய பதவி தரோம்னு அங்க சொல்லியும் வேணாம்னுட்டார், பொண்டாட்டி புள்ளய வச்சிக்கிட்டு அந்த முடிவ எடுக்க எவ்ளோ தைரியம் வேணும் பாருங்க.

காஸ் அவென்யூல ஷெட். 1900 ஜனவரில டெலிவரி வண்டி ரெடி. பிப்ரவரில பத்திரிகை நிருபர பக்கத்துல உக்கார வச்சு ஐஸ் கெடந்த ரோட்டுல ஓட்டினார், ரேஸ் குதிரைய விட வேகம்னு எழுதிட்டாங்க. நிஜத்துல வண்டி கனம், மெதுவு, அடிக்கடி மக்கர் பண்ணுச்சு, செய்றதும் சிக்கல். மொத்தம் சுமாரா 20 வண்டிதான் வெளிய வந்துச்சு, கிட்டத்தட்ட 86,000 டாலர் கரைஞ்சுது, 1901 ஜனவரில கலைச்சுட்டாங்க.

பட்டறை_அண்ணன்:
மேல உள்ளவர் நல்லா சொன்னார், நான் 22 வருஷமா லேத் பட்டறை வச்சிருக்கேன் அந்தக் கண்ணுல சொல்றேன். ஒரு வண்டிய ஓட வைக்கிறது வேற, அதே மாதிரி அம்பது வண்டி எறக்குறது வேற. அந்தக் காலத்துல ஒவ்வொரு பார்ட்டையும் ஃபிட்டர் அரம் போட்டு ராவி ராவித்தான் ஒக்கார வைப்பான், இந்த வண்டி பிஸ்டன் அடுத்த வண்டிக்கு சேராது. அப்ப ஒவ்வொரு வண்டியும் புதுசா மொதல்லருந்து செய்ற மாதிரிதானே, அதுல எங்க லாபம் வரும். இன்னொண்ணு, ஃபோர்டு கைய நிறுத்த மாட்டார், இன்னும் நல்லா பண்ணலாம்னு மாத்திக்கிட்டே இருப்பார், முதலாளிங்களுக்கு விக்க வண்டி வேணும். எங்க பட்டறைலயே ஒரு டிசைன் முடிவாகாம ஆர்டர் எடுத்து மாட்டிருக்கேன், ஒரு வருஷம் கடன் கட்டினேன்.

சரக்கு வண்டில ஆரம்பிச்சதும் தப்புன்னு நெனைக்கிறேன். சொந்தக்காரன் ஞாயித்துக்கிழமை ஓட்டுற கார் நடுவழில நின்னா எறங்கி தள்ளுவான். கடைக்காரன் வண்டி தினம் ஓடியாகணும், ஒரு நாள் நின்னா மறுநாள் பழையபடி குதிரைய பூட்டிடுவான்.

கியர்பாக்ஸ்_மாணவன்:
ரொம்ப நன்றிண்ணா, அந்த குதிரை பாயிண்ட் செமினார்ல சொல்லிக்கலாமா? அப்ப கேடிலாக் விஷயம்?

மிச்சிகன்_வாசி:
அது பாதி சரி. நடுவுல ஒரு கம்பெனிய விட்டுட்டாங்க. முதல் கம்பெனி 1901 ஜனவரில முடிஞ்சுது. அந்த அக்டோபர்ல கிராஸ் பாயிண்ட் ரேஸ்ல அலெக்சாண்டர் விண்டன்ங்கிற பேர்பெற்ற கார் ரேஸ்காரர ஃபோர்டு ஜெயிச்சார், உடனே மர்ஃபியும் பழைய பார்ட்னருங்க சிலரும் திரும்ப பணம் போட்டு நவம்பர் கடைசில ஹென்றி ஃபோர்டு கம்பெனின்னு ஆரம்பிச்சாங்க. அதுல ஃபோர்டுக்கு ஆறுல ஒரு பங்கு. நாலு மாசம் கூட ஒத்து வரல, ரேஸ் கார்லயே இருக்கார்னு அவங்களுக்குக் கோவம், 1902 மார்ச்ல 900 டாலரும் ரேஸ் கார் டிசைனும் வாங்கிட்டு வெளிய போனார், தன் பேர பயன்படுத்தக் கூடாதுன்னும் சொல்லிட்டார்.

மிச்சத்த வித்துட்டு மூடிடலாம்னு மிஷினுக்கெல்லாம் மதிப்பு போட ஹென்றி லேலண்ட கூப்பிட்டாங்க. அவர் துப்பாக்கித் தொழிற்சாலைல வேலை பழகினவர், பார்ட்ஸ் அளவுல ரொம்பக் கறார். மூட வேணாம், எங்கிட்ட ஒரு ஒத்த சிலிண்டர் இன்ஜின் இருக்கு அத போட்டு கார் பண்ணலாம்னார். 1902 ஆகஸ்ட்ல அதுதான் கேடிலாக் ஆச்சு, டெட்ராய்ட் ஊர உருவாக்கின பிரெஞ்சுக்காரர் பேரு. ஸோ மாறினது ரெண்டாவது கம்பெனி.

பட்டறை_அண்ணன்:
தம்பி தாராளமா சொல்லுங்க. லேலண்ட் பேரு வந்ததால இதையும் சேத்துக்கோங்க, 1908ல இங்கிலாந்து ப்ரூக்லேண்ட்ஸ் ரேஸ் டிராக்ல மூணு கேடிலாக்க அக்கு அக்கா கழட்டி பார்ட்ஸ் எல்லாம் ஒண்ணா கலந்து போட்டு, திரும்ப மூணு வண்டியா மாட்டி 500 மைல் ஓட்டினாங்க. அரம் தொடவே இல்ல. அத படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

பழைய_இரும்பு:
மிச்சிகன்_வாசி சொன்னதுதான் சரி. ஒண்ணு மட்டும், பின்னாடி ஃபோர்டு பழியத் தூக்கி பணம் போட்டவங்க மேலயே போட்டார், ஒடனே லாபம் பாக்க நெனச்சாங்கன்னு. நான் அத முழுசா ஏத்துக்க மாட்டேன். ஒரு தடவ நஷ்டப்பட்டும் மர்ஃபி ரெண்டாவது தடவ காசு எறக்கினவர். தம்பி, செமினார்ல அவர் பேர விட்டுடாதீங்க.