நம்மாழ்வார் நினைவு நாள்: மேடையா, விதையா?

களத்துமேடு:
டிசம்பர் 30 வந்தால் ஊர் ஊராக இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாருக்கு விழா நடக்கிறது. போன முறை நான் போன விழாவில் பெரிய பிளெக்ஸ் பேனர், ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில், மதியம் வரை பேச்சு. கொடுக்க வைத்திருந்த மரக்கன்றுகள் கறுப்புப் பையோடு மேடைக்குப் பின்னால் வாடிக் கிடந்தன. மழையை நம்பிய மானாவாரி விவசாயிக்கு இந்த ஆராய்ச்சி உதவாது என்று 1969-இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை உதறியவர் அவர். அவர் பேரில் இப்படிச் செய்யலாமா? மேடையே வேண்டாம்.

நாற்றங்கால்:
பிளெக்ஸும் பாட்டிலும் வேண்டாம், சரி. மேடையை ஏன் விட வேண்டும்? அய்யா பேசிப் பேசித்தானே ஆள் சேர்த்தார்? 2013-இல் நிலத்தடியிலிருந்து மீத்தேன் வாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்து டெல்டா கிராமங்களில் பேசிவந்த நாட்களில்தான் அவர் உயிர் பிரிந்தது. 'நெல்' ஜெயராமன் அண்ணன் திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவும் கூட்டம் கூடிய விழாதானே? 174 பாரம்பரிய ரகங்களை மீட்டவர் என்று இன்று அவரைச் சொல்கிறோம். அந்த நெல் ஊர் ஊராகப் பரவியது அங்கே வந்த கூட்டத்தால்தான்.

களத்துமேடு:
கூட்டம் மட்டும் பரப்பவில்லை தம்பி. 2 கிலோ விதை வாங்கினால் அடுத்த வருடம் 4 கிலோ திருப்பித் தர வேண்டும். விளைவித்தே ஆக வேண்டும், அதனால் பரவியது. அதுவும் கோடையில் நடத்தினார்கள், சம்பா நாற்று விடும் முன். மார்கழியில் காட்டுயானம் என்ற பாரம்பரிய நெல்லின் விதையைக் கையில் கொடுத்தால் என்ன செய்வது? அது 180 நாள் பயிர். ஆடி, ஆவணி வரை வீட்டில் வைத்திருந்தால் அந்துப்பூச்சி தின்றுவிடும். கொடுத்த திருப்தி மட்டும்தான் மிச்சம்.

நாற்றங்கால்:
நெல்லுக்கு நீங்கள் சொல்வது சரி. அதற்கு நம்மாழ்வார் அய்யா பிறந்த ஏப்ரல் 6-ஐ ஒட்டி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவரை நினைத்து மனம் கனத்து ஜனம் கூடுவது டிசம்பரில்தான், அந்த நாளை விட முடியாது. தை மாத விதைப்புக் காலமான தைப்பட்டம் இரண்டு வாரத்தில் வருகிறது. நாட்டு வெண்டை, கத்தரி விதை கொடுப்போம். யார் வாங்கினார், எவ்வளவு வாங்கினார் என்று நோட்டில் எழுதுவோம்.

களத்துமேடு:
நோட்டு போடுவதென்றால் நானும் வருகிறேன். பேச்சு ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். மரக்கன்று வேண்டாம். தண்ணீர் ஊற்றுகிறவர் யார் என்று தெரியாமல் ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன்.

நாற்றங்கால்:
மரக்கன்றை நான் விட மாட்டேன். ஊற்றும் ஆளோடு வருகிறேன்.