முதலில் பயிற்சிக்கூடமா, முதலில் வேலையா?

கரும்புக்காடு:
அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை, அவர்களுக்கென்றே நடக்கும் பயிற்சிக்கூடத்தில் வைத்திருக்காமல் நேரே கடையில் சேர்த்துவிட்டு அங்கேயே பழக்கலாம் என்று இந்த இழையில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. வேலை செய்ய முன்வருபவர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வெறுங்கையோடு நிற்கும் நாடு நம் தென்னாப்பிரிக்கா. 1943இல் போரில் காயம்பட்டவர்களுக்காகத் தொடங்கிய அரசுத் தொழிற்கூடங்கள் இன்றும் மரச்சாமான் செய்கின்றன, துணி தைக்கின்றன. கூடத்தை மூடினால் நம் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது வீட்டுச் சுவர்தான்.

யூனிட்_ஏழு:
அண்ணே, கூடத்தில் பெட்டி ஒட்டத் தேறியவருக்குக் கடையில் பால் அடுக்கத் தெரிந்துவிடாது. ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குத் தானாக வராது, இவர்களுக்குப் பெரிய இடறலே அதுதான். 10 வருஷம் 'தயாராகிக்கொண்டே' இருப்பவர்களைப் பாருங்கள்.

கரும்புக்காடு:
தானாக வராது என்று முடிவுகட்டாதீர்கள். 1972இல் அமெரிக்க ஆய்வாளர் மார்க் கோல்ட் 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தாரே, அது இதுபோன்ற தொழிற்கூடங்களில் இருந்தவர்களுக்குத்தான். அதே ஆட்கள் பிறகு 24 பாக பிரேக்கையும் பூட்டினார்கள்.

யூனிட்_ஏழு:
அவர் காட்டியது கூடத்தின் பெருமையை இல்லை அண்ணே, சொல்லிக்கொடுக்கும் முறையின் பெருமையை. பாகத்தின் எந்தப் பக்கம் தன்னைப் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கத்தில் வண்ணம் பூசினார், கற்பது எளிதாயிற்று. கடைக்கும் அதேதான். பாலில் பழைய தேதி முன்னே, புதியது பின்னே. தேதியைப் படிக்க வராதவருக்கு அன்று வந்த பெட்டியில் மட்டும் பச்சைப் பொட்டு ஒட்டுங்கள்: 'பச்சை பின்னால்'. அவ்வளவுதான் விதி.

கெடுவது எங்கே என்றால், கூட நிற்கும் பயிற்றுநர் ஒவ்வொரு பெட்டிக்கும் "தேதி பார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஆள் பொட்டைப் பார்க்க மாட்டார், அந்தக் குரலுக்குக் காத்திருப்பார். பயிற்றுநர் விலகிய அன்றே கை நின்றுவிடும். அதனால் முதலில் 5 விநாடி பொறுங்கள். பிறகு விரலால் காட்டுங்கள். வாயைக் கடைசியில் திறங்கள். மூன்று நாள் தொடர்ந்து பிழையில்லாமல் செய்தால் ஓர் அடி பின்னே போங்கள். அப்புறம் அடுத்த வரிசை, அப்புறம் கதவுக்கு வெளியே. அதற்குள் கடையிலேயே ஒரு சக ஊழியர் இவர் சந்தேகம் கேட்கக்கூடிய ஆளாகிவிட வேண்டும்.

உம்கேனிக்கரை:
இருவரும் வேலைக்குப் போய்வரும் மினிபஸ் டாக்சியை மறந்துவிட்டீர்கள். அதில் கட்டணத்தை முன்னே கொடுத்து அனுப்ப வேண்டும், சில்லறை கைமாறி வரும், 'ரோபோ (சிக்னல் விளக்கு) தாண்டி நிறுத்துங்க' என்று நேரத்தோடு சொல்ல வேண்டும். வேலை நன்றாகத் தெரிந்தும் இதில் தோற்றுப்போகிறவர்கள் உண்டு. மதியம் காலி வண்டியில் பழக்கினால் வீண். ஷிப்டுக்குப் போகும் அதே நேரத்தில், சரியான சில்லறையை ஒரு உறையில் போட்டுக்கொடுத்துப் பழக்குங்கள்.

இன்னொன்று, அரசின் சமூகநல முகமையான சாசா (SASSA) தரும் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு வருமான வரம்பு உண்டு. சம்பளம் எவ்வளவு, உதவித்தொகையில் எவ்வளவு போகும் என்று முதல் நாளுக்கு முன்பே எழுதிப் பார்க்காவிட்டால் தாய்மார்கள் பயந்து பிள்ளையைத் திருப்பிக் கூட்டிப்போய்விடுகிறார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல என்னால் முடியாது.

கரும்புக்காடு:
டாக்சி விஷயம் சரி. அப்படியென்றால் கோயிலில் தொடங்கலாமே? அர்ச்சனைத் தட்டில் தேங்காய், இரண்டு பழம், வெற்றிலை பாக்கு, கற்பூரம். எண்ணி வைக்கும் வேலை, நாலு பேரோடு பழகவும் வழி.

யூனிட்_ஏழு:
நல்ல இடம். கடைசிப் படியிலிருந்து பழக்குங்கள்: மற்றதெல்லாம் நீங்கள் வைத்து, கற்பூரத்தை மட்டும் அவர் வைக்கட்டும். தட்டை முடித்தவர் அவராகவே இருப்பார். மறுநாள் வெற்றிலையும் அவர் கையில். ஆனால் கோயிலில் மற்றவர்கள் கூலி வாங்கிச் செய்யும் வேலையை இவரிடம் 'சேவை' என்று வாங்காதீர்கள். கூலியில்லாத தொண்டருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது, ஏமாற்ற அந்த ஓட்டை போதும்.

கரும்புக்காடு:
அதை ஒத்துக்கொள்கிறேன். கூடத்தை மூட மட்டும் ஒப்ப மாட்டேன். கடையில் வேலை போனால் திரும்பி வர ஓர் இடம் வேண்டும்.

யூனிட்_ஏழு:
திரும்பி வரட்டும் அண்ணே, ஆனால் அடுத்த வேலைக்குத் தேதி குறித்துக்கொண்டு வரட்டும்.