கல்யாணப் பத்திரிகைன்னு வந்த ஃபைல், அப்பா கணக்குல 4,800 வெள்ளி (ரிங்கிட்) போச்சு

நாங்க மலேசியா, பேராக்ல இருக்குற சுங்கை சிப்புட். அப்பா தோட்டத்துல முப்பது வருஷம் பால்மரம் வெட்டுனவரு. இது 2023 கடைசில நடந்தது. சித்தப்பா நம்பர்ல இருந்து வாட்ஸாப்ல ஒரு ஃபைல், கல்யாணப் பத்திரிகைன்னு மலாய்ல எழுதி வந்துச்சு. சித்தப்பா மகளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருந்தாங்க, முடிஞ்சிருச்சு போலன்னு அப்பா சந்தோஷத்துல அமுக்கிட்டாரு. சித்தப்பா எப்பவும் வாய்ஸ் தான் போடுவாரு, எழுதவே மாட்டாரு, அது அப்ப யாருக்கும் தோணல.

ஃபைல் பேரு ஏபிகேன்னு முடிஞ்சிருந்துச்சு. அது படமே இல்ல, ஆப். போன் எச்சரிக்கை காட்டியும் சரின்னு தட்டிட்டாரு, அப்புறம் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டுச்சு, அதையும் குடுத்துட்டாரு, உடனே ஐகானே காணோம், லைன் சரியில்லன்னு விட்டுட்டாரு. அந்த அனுமதி தான் சாவி. மறந்துடக் கூடாதுன்னு யூசர் நேம், பாஸ்வேர்டு, கார்டு நம்பர் எல்லாத்தையும் முன்னாடியே தம்பிக்கு எஸ்எம்எஸ் பண்ணி வச்சிருந்தாரு, அதுவும் மோசடிக்காரனுங்க கைக்கு போச்சு, பணம் அனுப்ப பேங்க் எஸ்எம்எஸ்ல அனுப்புற டாக் நம்பரும் அங்கயே போச்சு. பேங்க் எஸ்எம்எஸ் ஒண்ணு கூட அப்பா கண்ணுல படல.

மறுநாள் மளிகைக்கு 200 வெள்ளி எடுக்கப் போயி தான் தெரிஞ்சுது. சிலிப்ப நாலா மடிச்சி சட்டப்பைல வச்சிக்கிட்டு வெயில்ல நடந்தே வந்தாரு, யாருகிட்டயும் பேசல. நான் தான் 997க்கு அடிச்சேன், மோசடிக்குன்னே 2022ல திறந்த நம்பர் அது, அப்புறம் பாலாய்ல, அதான் போலீஸ் ஸ்டேஷன்ல, ரிப்போர்ட். பணம் அதுக்குள்ள கெல்டாய் அக்கவுன்டு, அதாவது திருட்டுப் பணத்த கை மாத்த வேற ஆளு பேருல இருக்குற கணக்கு, அத தாண்டி போயிருச்சு. சித்தப்பா போன் தான் மொதல்ல மாட்டிருக்கு, அதுல இருந்து எல்லாருக்கும் போயிருக்கு. அவரு வந்து அழுதாரு, அவரு மேல என்ன தப்பு இருக்கு?

*

அண்ணே படிக்கவே கஷ்டமா இருக்கு. எங்க அத்தைக்கு போலீஸ் சம்மன்னு இதே மாதிரி ஏபிகே வந்துச்சு, கெடா கோலக்கெட்டில்ல. தட்டுன கையோட பக்கத்து வீட்டுப் பையன் பாத்துட்டு டேட்டாவையும் வைஃபையையும் அடைச்சிட்டான், இன்னொரு போன்ல பேங்குக்கு அடிச்சி கணக்க நிறுத்தியாச்சு, பாஸ்வேர்டும் அந்த இன்னொரு போன்ல தான் மாத்துனோம், அதே போன்ல மாத்துனா புதுசையும் பாத்துருவானுங்க. அப்புறம் போன முழுசா அழிச்சி புதுசா போட்டோம். காசு தப்பிச்சுது, பேரப்புள்ளைங்க படம் எல்லாம் போச்சு, அத்தை இன்னும் அத தான் சொல்லிட்டு இருக்காங்க.

*

இத படிச்சிட்டு இப்ப தான் அம்மா போன எடுத்து பாத்தேன். டார்ச்லைட்டுன்னு ஒரு ஆப், எஸ்எம்எஸ் அனுமதி குடுத்து கெடக்கு. விளக்குக்கு எஸ்எம்எஸ் எதுக்கு? தூக்கிட்டேன். ராத்திரி பாட்டி போனையும் பாக்கணும்.