தலையீற்றுப் பசு கன்றைச் சேர்க்குதில்லை, வழி சொல்லுங்கள்

மட்டக்குளியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு பசு வளர்க்கிறோம். முந்தாநாள் விடியற்காலை முதல் கன்று போட்டது. நாகு கன்று. ஈன்ற களைப்பில் தாய் நக்கவே இல்லை. நாங்கள்தான் சாக்கால் துடைத்தோம். அது பிழையோ என்று இப்போது மனம் அடித்துக்கொள்கிறது.

ஈன்றவுடன் சுரக்கும் கடும்புப் பாலை 6 மணித்தியாலத்துக்குள் கறந்து போத்தலில் கொடுத்துவிட்டோம். ஒரு நாள் கடந்தால் அதிலுள்ள எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் உறிஞ்சாதே. ஆனால் மடியை முட்டினால் தாய் உதைக்கிறது. நேற்று ஒரு உதையில் கன்று சுவரோடு போய் விழுந்தது. எழும்பி, நடுங்கிக்கொண்டே மறுபடி தாயிடம்தான் போனது. பார்க்க முடியவில்லை.

மடி வீங்கி இறுகியிருக்கிறது. பாலில் திரளோ இரத்தமோ இல்லை, காம்பில் வெடிப்பும் இல்லை. இளங்கொடி (நஞ்சுக்கொடி) அன்றே விழுந்துவிட்டது. கன்றின் முதுகில் உப்புத் தண்ணீர் தடவினோம்; இரண்டு தரம் நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பின்னங்காலைக் கட்டிக் குடிக்க விடலாமா? அல்லது இன்னும் வெருளுமா? இரவில் பக்கத்தில் கட்டுவதா, பிரித்து வைப்பதா? மிருக வைத்தியர் நாளைதான் வருவார். மாடு வளர்த்த அண்ணாமார், அக்காமார், உங்கள் அனுபவத்தில் கண்டதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.