கல்லூரி நூலகத்தின் புதிய சேவைகள்: வாயிலுக்குக் காசா, பட்டியலுக்குக் காசா?

மல்லியப்பூ

நுவரெலியா மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் நூலகம் அடுத்த தவணையில் இருந்து புதிய சேவைகள் வரும் என்று அறிவித்திருக்கிறது. கோஹா என்ற நூலக மென்பொருளில் இணையப் பட்டியல், வளாகத்துக்குள் மட்டும் திறக்கும் ஆங்கில ஆய்வுச் சஞ்சிகைத் தரவுத்தளம், புத்தகத்தில் ஒட்டிய சில்லை வானொலி அலையால் வாசிக்கும் ஆர்எஃப்ஐடி வாயில், சுய இரவல் இயந்திரம். இடம் காணாது என்று பழைய தமிழ்ச் சஞ்சிகைக் கட்டுகள் கீழ்த்தளக் களஞ்சிய அறைக்குப் போகப் போகின்றன. ஆசிரியப் பயிலுநர்களில் அநேகர் தமிழ்மொழி மூலம் படிப்பவர்கள், வீடு தோட்டப் பக்கம். இருக்கிற பணத்தில் முதலில் எதைச் செய்யலாம்? வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணினிக்கூடம்

நான் ஆர்எஃப்ஐடி பக்கம். மலையகக் கல்லூரி நூலகங்களில் ஆள் பற்றாக்குறைதான் பெரிய சிக்கல். இரவல் மேசையில் ஒருவர் நின்றால் உசாத்துணைப் பகுதியில் ஆள் இல்லை. 13.56 மெகாஹேர்ட்ஸ் ஒட்டி ஒவ்வொரு புத்தகத்திலும் இருந்தால் பயிலுநரே இரவல் பதிந்துகொள்வார். வருடாந்தக் கணக்கெடுப்புக்குப் புத்தகத்தை உருவ வேண்டியதில்லை, கையடக்க வாசிப்பானை இறாக்கை நெடுகக் கொண்டுபோனால் போதும். எந்தப் புத்தகம் இடம் மாறிக் கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

சஞ்சிகைத் தரவுத்தளமும் தேவை. செயல்நிலை ஆய்வு எழுதுகிறவருக்குப் பத்து வருடப் பழைய பாடநூலை மட்டும் நீட்டினால் அவர் எதை மேற்கோள் காட்டுவார்?

பட்டியலறை

கணினிக்கூடம் தம்பி, புத்தகம் எங்கே இருக்கிறது என்று உங்கள் ஒட்டி சொல்லும். அப்படி ஒரு புத்தகம் இருக்கிறதா என்று பயிலுநருக்குச் சொல்ல வேண்டியது பட்டியல். அது தமிழில் தேட முடியாமல் கிடந்தால் மற்றதெல்லாம் வீண்.

நம் பக்கத்து நூலகங்கள் பலவற்றில் பழைய பதிவு எக்செல்லில், பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினி யுனிகோட் இல்லை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். அப்படியே கோஹாவுக்குள் ஏற்றினால் தலைப்பெல்லாம் குழம்பிய ஆங்கில எழுத்துகளாக வரும். மாற்றியில் போட்டு எடுக்கலாம், ஆனால் ஒரே நிரலில் ஆங்கிலத் தலைப்புகளும் கலந்திருந்தால் அவையும் “தமிழாக” மாறிக் கெட்டுப்போகும். பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி, ஆகவே ஆங்கிலத் தலைப்பில் இருந்த அரைப்புள்ளியும் புள்ளியாகிவிடும். முதலில் ஆங்கில வரிகளைத் தனித் தாளுக்குப் பிரியுங்கள். மாற்றிய பின் நூறு வரிகளையாவது புத்தகத்தைக் கையில் வைத்து ஒப்பிடுங்கள்.

அடுத்தது ஸ்ரீ. இது யுனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படுகிறது: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒரே வடிவம், கணினிக்கு வேறு வேறு சொல். ஸ்ரீபாத பற்றிய நூலை ஒருவர் ஒரு விதமாகப் பதிந்து, பயிலுநர் மற்ற விதமாகத் தேடினால் “முடிவுகள் இல்லை” என்றே வரும். ஔகாரமும் இப்படித்தான். கௌதமன் என்பதைச் சிலர் ஒற்றைக்கொம்பு, ககரம், ளகரம் என்று தட்டுகிறார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது, தேடலில் அகப்படாது. ஏற்றுவதற்கு முன்னரே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

மூன்றாவது, கோஹாவின் ஸீப்ரா சுட்டி, அதாவது தேடலுக்கான சொல் அட்டவணை. வழக்கமான நிறுவலில் அது இலத்தீன் எழுத்துகளை நினைத்து அமைக்கப்பட்டது. தமிழுக்கு, யுனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறைக்கு மாற்றிவிட்டு முழுச் சுட்டியையும் புதிதாகக் கட்ட வேண்டும். அமைப்பை மட்டும் மாற்றிவிட்டுச் சுட்டியைக் கட்டாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. பிறகு “கோஹாவுக்குத் தமிழ் வராது” என்று பழி.

ஊவா_வாசகி

அக்கா சொன்னதோடு ஆசிரியர் பெயரையும் சேருங்கள். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். சி.வி., ஸி.வி., வேலுப்பிள்ளை சி.வி. என்று பல விதமாகப் பதிவு இருந்தால் அவருடைய நூல்கள் நாலு இடத்தில் சிதறும். ஆசிரியர் பெயரின் ஒரே வடிவத்தை வைக்கும் அதிகாரப் பதிவில் “வேலுப்பிள்ளை, சி. வி., 1914–1984” என்று ஒன்றை நிறுத்தி, மற்ற வடிவங்களை, ஆங்கில எழுத்து வடிவம் உட்பட, 400ஆம் புலத்தில் போட வேண்டும்.

சஞ்சிகைத் தரவுத்தளத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. வளாகத்து ஐபி முகவரிக்கு மட்டும் திறக்கும் சேவை கற்பித்தல் பயிற்சிக்குப் போன பயிலுநருக்கு எதற்கு உதவும்? அந்த மாதங்களில்தான் அவருக்கு வாசிப்பு அதிகம் தேவை. வெளியிலிருந்து நுழைய ஒரு புரொக்சி இல்லாமல் சந்தா கட்டக் கூடாது. காசில்லாமல் திறப்பதை முதலில் பட்டியலோடு இணையுங்கள்: 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரம், ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள். கோஹாவில் ஒரு பதிவின் 856ஆம் புலத்தில் இணைப்பைப் போட்டால் அச்சு நூலும் இணையப் பிரதியும் ஒரே தேடலில் வரும்.

கணினிக்கூடம்

புரொக்சி வேண்டும் என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிக்னலே இல்லாத தோட்டத்துக்குப் புரொக்சி வைத்து என்ன செய்வது? அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்.

ஊவா_வாசகி

அதற்கு வழி இருக்கிறது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்று, 128 ஜிபி அட்டை, ஒரு வைஃபை ரவுட்டர். கிவிக்ஸ் மென்பொருளை ஓடவிட்டுத் தமிழ் விக்கிப்பீடியாவின் கோப்பையும், அனுமதியுள்ள பாடநூல் பிடிஎஃப்களையும் போட்டால் இணையம் இல்லாமலே போனில் வாசிக்கலாம். பயிற்சிப் பாடசாலைக்கு இரவல் கொடுக்கலாம். பையின் சொந்த வைஃபையை நம்பாதீர்கள், ஒரு வகுப்பே சேர்ந்தால் திணறும். அதற்குத்தான் ரவுட்டர். கோப்புகளைக் கொண்டுபோகும் பென்ட்ரைவ் ஃபாட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபாட் ஆக்கிவிட்டுப் பிரதி பண்ணுங்கள்.

ஈரமலை

எல்லாரும் கணினியைப் பேசுகிறீர்கள். எனக்கு அந்தக் களஞ்சிய அறைதான் பயமாக இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கீழ்த்தளச் சுவர் வியர்க்கும். சாரீரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நின்றால் துணி அட்டையிலும் பசையிலும் பூஞ்சணம் பிடிக்கும். இந்தக் கட்டுகள் அழிந்தால் திருப்பி வாங்க எங்கும் கிடையாது.

ஈரப்பதன் அகற்றி வாங்குவதானால் வகையைப் பாருங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் கொம்பிரசர் வகை 15 பாகைக்குக் கீழே சுருளில் உறைபனி படிந்து சரியாக வேலை செய்யாது. நுவரெலியாவின் இரவுக்கு உலர்த்திப்பொருள் வகைதான் சரி. கொழும்பு அலுவலகம் சிபாரிசு செய்ததை அப்படியே வாங்கினால் கரண்ட் பில் மட்டும் ஏறும். இறாக்கை வெளிச்சுவரில் முட்டக் கூடாது, ஒரு சாண் இடைவெளி வேண்டும். கீழ்த்தட்டும் நிலத்தில் இருந்து ஒரு சாண் உயரட்டும். ஈரமானி ஒன்றை அறையின் மூலையில் வையுங்கள், நடுவில் வைத்தால் நல்ல கணக்கையே காட்டும்.

பூஞ்சணம் வந்த புத்தகத்தை ஈரத்துணியால் துடைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. கறை உள்ளே இறங்கிவிடும். தனியாக எடுத்து, காற்றோட்டத்தில் உலரவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, அறைக்கு வெளியே மென்தூரிகையால் தட்டுங்கள்.

பட்டியலறை

ஈரமலை சேர் சொன்னதை வழிமொழிகிறேன். கட்டுகள் கீழே இறங்க முன்னர் ஸ்கேன் பண்ணுங்கள். 300 டிபிஐ, சாம்பல் நிறத்தில் ஏ4 பக்கம் ஒன்று சுருக்காமல் கிட்டத்தட்ட 8.7 எம்பி. 200 பக்கம் என்றால் 1.7 ஜிபிக்கு மேல். இது மூலப் பிரதி, இரண்டு வன்தட்டில் இருக்கட்டும். வாசகருக்குச் சுருக்கிய பிடிஎஃப். படத்தில் உள்ள எழுத்தை வாசிக்கும் டெசராக்ட் மென்பொருளுக்குத் தமிழ் வரும், ஆனால் பழைய அச்சின் தும்பிக்கை ணை, லை, னையில் அடிக்கடி தடுமாறும். 1978இல் தமிழ்நாட்டில் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவங்கள் அவை. ஆகவே தலைப்பு, ஆசிரியர், இதழ் எண் மூன்றையும் கையால் தட்டுங்கள்.

பதிப்புரிமையையும் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 வருடம்வரை உரிமை இருக்கும். 1947இல் மறைந்த மலையகத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் எழுத்தை இணையத்தில் வைக்கலாம். 1984இல் மறைந்த சி. வி.யின் எழுத்துக்கு 2054 முடியும்வரை உரித்தாளரின் அனுமதி வேண்டும்.

கணினிக்கூடம்

அக்கா, பட்டியல் முதலில் என்பதை ஏற்கிறேன். ஆர்எஃப்ஐடி வேண்டாம் என்பதை ஏற்கவில்லை. பட்டியல் சரியானதும் அதைச் செய்யத்தான் வேண்டும்.

பட்டியலறை

செய்யுங்கள் தம்பி, பிறகு. இப்போதைக்கு பார்கோடு ஒட்டியும் கையடக்க ஸ்கேனரும் இரவல் மேசைக்குப் போதும். ஸ்கேனர் கணினிக்கு ஒரு விசைப்பலகை மாதிரித்தான், தனி மென்பொருள் வேண்டாம். ஆர்எஃப்ஐடிக்கு இரும்பு இறாக்கை தொந்தரவு, மெல்லிய நூல்களில் ஒட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் வாசிப்பு தவறும், மின்வெட்டில் வாயிலுக்கு யுபிஎஸ் வேண்டும். அந்தச் செலவும் கணக்கில் வரட்டும்.

திறக்கிற நாளுக்கு முன்னர் நூலகர் பயிலுநர் கணக்கில் இருந்து இந்தத் தேடல்களைச் செய்து பார்க்கட்டும்: ஸ்ரீபாத, இரண்டு எழுத்து வடிவிலும். கௌதமன். வேலுப்பிள்ளை, தமிழிலும் ஆங்கில எழுத்திலும். பிறகு “தோட்ட” என்று தட்டி உடுக்குறி (*) போட்டு, தோட்டம், தோட்டத்து இரண்டும் வருகிறதா என்று பார்க்கட்டும். “தோட்டம்” என்று முழுதாகத் தட்டி உடுக்குறி போட்டால் தோட்டத்து வராது, அதைப் பயிலுநருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அறிவித்தலை ஒரு தவணை தள்ளிப் போடலாம்.