மறு: கிராவல் பைக், டிராப் பார் மவுண்டன் பைக் – இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

மிதிவண்டிச் சொற்பட்டியலில் ‘கிராவல் பைக்’ என்பதற்கு ‘சரளை மிதிவண்டி’ என்று போட்டு, ‘கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியும் 38 மி.மீ.க்கு மேல் அகலமான டயரும் கொண்டது’ என்று விளக்கம் எழுதியிருக்கிறேன். அடுத்து ‘டிராப் பார் மவுண்டன் பைக்’ வருகிறது. பார்த்தால் அதற்கும் இதே விளக்கம் அப்படியே பொருந்துகிறது. இரண்டையும் ஒரே பதிவாக்கிக் ‘காண்க’ போட்டுவிடலாமா? கூடாதென்றால் இரண்டாவதற்கு ஒரு சொல் பரிந்துரையுங்கள். பட்டியலோடு சட்ட (ஃபிரேம்) அளவுகளுக்கான அட்டவணையும் வருகிறது. விளக்கம் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

– சொ.

---

> இரண்டையும் ஒரே பதிவாக்கிக் ‘காண்க’ போட்டுவிடலாமா?

வேண்டாம் ஐயா. அதை நம்பி உதிரிப் பாகம் வாங்குகிறவருக்குக் காசு வீணாகும்.

முதலில் டயர் அகலத்தை விளக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். சேற்றிலும் புல்லிலும் ஓடும் சைக்ளோகிராஸ் போட்டிக்கு 33 மி.மீ. என்று விதியே இருக்கிறது, அங்கே அகலத்தை வைத்து வரையறுக்கலாம். கிராவலில் அப்படி ஒரு கோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் எம்போரியா ஊரில் 2006இல் தொடங்கிய 200 மைல் போட்டி, இன்று ‘அன்பவுண்ட்’ என்ற பெயரில் நடப்பது, இந்த வகை வண்டி வளர்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தப் பாதையில் கிடப்பது சிக்கிமுக்கிக் கல். டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும். அதனால் முன்னணி வீரர்களே இப்போது 2.1, 2.2 அங்குல மலை டயர்களைக் கிராவல் சட்டத்தில் மாட்டுகிறார்கள். ரிம் அளவும் உதவாது. 700சி என்றாலும் 29 அங்குலம் என்றாலும் டயர் உட்காரும் விட்டம் அதே 622 மி.மீ.தான். கைப்பிடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இரண்டிலும் அதேதான்.

பிரிக்கிற இடம் சட்டம். அதிலும் இரண்டு கேள்விகள் போதும். எவ்வளவு நீளமான போர்க்கை (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டை) மனதில் வைத்து வரைந்தார்கள்? எந்தக் கைப்பிடியை மனதில் வைத்து வரைந்தார்கள்?

போர்க் நீளத்தை முன் ஆக்ஸிலின் (சக்கர அச்சு) மையத்திலிருந்து கிரவுன் (போர்க்கின் இரு கால்களும் சேரும் தலை) வரை அளப்போம். கிராவல் சட்டத்தில் அது ஏறக்குறைய 390 முதல் 410 மி.மீ. 100 மி.மீ. அமுங்கும் சஸ்பென்ஷன் போர்க்குக்கு வரைந்த 29 அங்குல மலைச் சட்டத்தில் 500 சொச்சம். ஆள் ஏறி உட்கார்ந்து கொஞ்சம் அமுங்கினால் 485 அளவில் நிற்கும். இந்த 80, 90 மி.மீ. வித்தியாசம்தான் மற்ற எல்லா அளவுகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. கிராவலில் ஹெட் கோணம் (போர்க் நுழையும் ஹெட் குழாயின் சாய்வு) 70 முதல் 72 டிகிரி, மலைச் சட்டத்தில் 67 முதல் 69. பாட்டம் பிராக்கெட் (பெடல் கைகள் சுழலும் இடம்) ஆக்ஸில் கோட்டுக்குக் கீழே இறங்கும் அளவு கிராவலில் 70, 80 மி.மீ.; மலைச் சட்டத்தில் 60ஐ ஒட்டி.

மலைச் சட்டத்தில் சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு 395 மி.மீ. கிராவல் போர்க்கை மாட்டினால் என்ன ஆகும்? முன்பக்கம் 80 மி.மீ.க்கு மேல் இறங்கும். ஹெட் கோணம் 4 டிகிரிக்கு மேல் நிமிரும். பாட்டம் பிராக்கெட் 30 மி.மீ. கீழே போகும். வளைவில் மிதித்தால் பெடல் தரையில் தட்டும், இறக்கத்தில் முன்சக்கரம் துள்ளிக்கொண்டு திரும்பும். ‘இரண்டும் ஒன்றுதானே’ என்று வாங்கினால் வரும் வினை இது. சஸ்பென்ஷனைக் கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் அதே நீளத்துக்கென்று செய்த கெட்டி (அமுங்காத) போர்க் வாங்க வேண்டும்.

– க. வே.

---

வணக்கம். இலங்கையில் இருந்து எழுதுகிறேன்.

இங்கே ‘கிறவல் வீதி’ என்பது எல்லாருக்கும் தெரிந்த சொல். தார் போடாத, செம்மண்ணும் சிறுகல்லும் கலந்து உருளையால் அழுத்திய வீதி. கிறவல் போட்டுத் திருத்தினார்கள் என்று செய்தித்தாளிலும் வரும். தமிழ்நாட்டு ஒப்பந்தக்காரர்களும் ‘கிராவல்’ என்றே சொல்கிறார்கள். அப்படியிருக்க ‘சரளை’ எதற்கு? ‘ஜல்லி’ என்று யாரும் முன்மொழியாதது நல்லது. அது உடைத்த கூர்க்கல், தண்டவாளத்துக்குக் கீழே போடுவது. அதன் மேல் எந்த வண்டியும் ஓடாது. ‘கப்பி’யும் பக்கத்துச் சொல்தான். ஆனால் கப்பி ரோடு என்றால் தார் ஏறும் முன் பெரிய கல்லை அடுக்கி அழுத்திய நிலை.

‘டிராப் பார் மவுண்டன் பைக்’ பற்றி ஒரு தகவல். க. வே. சொன்ன பிரிவுக்கு அது வலுச் சேர்க்கும். இந்த வண்டி கிறவல் வண்டிக்கு மூத்தது. கலிஃபோர்னியாவில் சார்லி கன்னிங்காம் மலை மிதிவண்டிகளில் வளைந்த கைப்பிடியை வைத்தார். 1987இல் பிரிட்ஜ்ஸ்டோன் எம்பி-1 அப்படியே கடைக்கு வந்தது. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் ஜான் டோமாக் யெட்டி சட்டத்தில் வளைந்த கைப்பிடியோடு ஓடினார். அந்த நாட்களில் அவர் சாலைப் பந்தய அணியிலும் ஓடிக்கொண்டிருந்தவர், இரண்டு வண்டியிலும் கை ஒரே இடத்தில் இருக்கட்டும் என்பது நோக்கம். கிறவல் பந்தயத்துக்கென்றே தயாரித்த சல்சா வார்பேர்ட் 2012இல்தான் வந்தது. ஆகவே இரண்டாவதை ‘அகன்ற சரளை வண்டி’, ‘கடுஞ்சரளை வண்டி’ என்று முதலாவதன் கிளையாகப் பெயரிட்டால் வரலாறும் பிழைக்கும்.

– இ.

---

சரளைக்கும் கிறவலுக்கும் நடுவில் நான் சரளைப் பக்கம். பாடநூல்களில் கிராவலுக்குச் சரளை என்று நிலைத்துவிட்டது, ‘சரளைக்கல்’, ‘சரளை மண்’ என்று தமிழ்நாட்டில் பேச்சிலும் இருக்கிறது. கிறவலை இணைச்சொல்லாகப் பதியலாம், யாழ்ப்பாணத்தில் தேடுகிறவருக்கும் கிடைக்கும்.

இனி கைப்பிடி. ‘வளைபிடி’ என்று வரைவில் ஒரு இடத்தில் பார்த்தேன். அது சரியாக வராது. பால்காரர் ஓட்டும் பழைய 28 அங்குல வண்டியின் ஹேண்டிலும் வளைந்ததுதான், ஓட்டுபவரை நோக்கித் திரும்பி வரும் வளைவு. ‘கீழ்வளைபிடி’ தெளிவு, ஆனால் அதோடு இன்னும் இரண்டு சொல் சேர்ந்தால் வாயில் நிற்காது. ‘தாழ்பிடி’ என்றால் என்ன? வினைத்தொகை, ஆகவே ப் மிகாது. நேராக இருப்பதை ‘நேர்பிடி’ என்றால் ஜோடி சேர்ந்துவிடும். தாழ்ப்பாள் நினைவுக்கு வரும் என்பார்கள், வரட்டும். சைக்கிளில் தாழ்ப்பாள் கிடையாது.

க. வே. சட்டம்தான் பிரிக்கிறது என்கிறார். தமிழ்த் தொகையில் தலைச்சொல் கடைசியில் வரும், அடைமொழி முன்னால் வரும். எனவே ‘தாழ்பிடி மலை மிதிவண்டி’ என்றாலே இது மலை மிதிவண்டி, கைப்பிடி மட்டும் வேறு என்று தானாகவே விளங்கும். சரளை மிதிவண்டிக்குத் ‘தாழ்பிடி’ என்ற அடை தேவையில்லை, அது அதன் இயல்பு.

ஒரு சந்தேகம். கைப்பிடி மட்டும் வேறு என்றால், எந்த மலை மிதிவண்டியிலும் ஹேண்டிலை மாற்றினால் இது ஆகிவிடுமா?

– பூ.

---

> ஹேண்டிலை மாற்றினால் இது ஆகிவிடுமா?

பெயரளவில் ஆகும். ஓட்ட முடியுமா என்பது வேறு. வேலை மூன்று இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஒன்று நீளம். நேர்பிடிக்கு வரைந்த சட்டம் நீளமானது. ஒரு நடுத்தர மலைச் சட்டத்தில் ரீச் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து ஹெட் குழாயின் மேல்முனை வரை கிடையாக அளப்பது) 440 மி.மீ., ஸ்டெம் (ஹேண்டிலைப் போர்க்கோடு இணைக்கும் துண்டு) 60 என்று வைப்போம், 500. அதில் 70 மி.மீ. முன்னே நீளும் தாழ்பிடியைப் போட்டால் 570. அதே ஆளுக்குப் பொருந்தும் சரளைச் சட்டத்தில் ரீச் 390, ஸ்டெம் 80, பிடி 70 – மொத்தம் 540. ஸ்டெம் கோணத்தையும் ஹெட் குழாயின் சரிவையும் விட்டுவிட்ட முரட்டுக் கணக்கு இது, ஒப்பிட மட்டும். 30 மி.மீ. அதிகம் என்றால் தோளும் கழுத்தும் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும். 35 மி.மீ. ஸ்டெம் போட்டால் 545க்கு வரும். அல்லது ஒரு அளவு சிறிய சட்டம் எடுக்க வேண்டும். மலைச் சட்டத்தின் முன்பக்கம் எப்படியும் உயரம் என்பதால், சிறிய அளவு எடுத்தாலும் குனிய வேண்டியிருக்காது.

இரண்டு, பிரேக்கும் கியரும். தாழ்பிடியில் லீவர் இறுகும் இடத்தின் விட்டம் 23.8 மி.மீ., நேர்பிடியில் 22.2. பழைய லீவர் ஏறவே ஏறாது. கேபிள் டிஸ்க் பிரேக் என்றால் இன்னொரு வம்பு: மலைக் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கும் பாகம்) அதிகக் கேபிள் இழுப்பு கேட்கும், தாழ்பிடி லீவர் குறைவாகத்தான் இழுக்கும். லீவர் ஹேண்டிலைத் தொட்டுவிடும், பேட் டிஸ்க்கைப் பிடிக்காது. கடையில் ‘அட்ஜஸ்ட் பண்ணா சரியாகிடும்’ என்பார்கள். ஆகாது, சாலை லீவருக்கான காலிப்பர்தான் வாங்க வேண்டும். ஹைட்ராலிக்கில் எண்ணெயைக் கலக்கக் கூடாது, பாகத் தயாரிப்பாளர்களில் ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராமின் சாலை லீவர்களுக்கு டாட் திரவம். கியரில் 10 வேக ஸ்ராமில் சாலை ஷிஃப்டரும் மலை டிரெயிலரும் (செயினைப் பல் மாற்றும் பாகம்) ஒத்துப்போகும். ஷிமானோவில் பொதுவாகப் போகாது. ஷிமானோவின் சரளை வண்டிப் பாகத் தொகுதியான 12 வேக ஜிஆர்எக்ஸில் 10–51 பல் காசெட்டுக்கென்றே (பின் பல்சக்கரத் தொகுதி) ஒரு டிரெயிலர் இருக்கிறது, அதை எடுக்கலாம். கம்பியில்லா ஸ்ராம் ஏஎக்ஸ்எஸ் என்றால் இந்தத் தலைவலியே இல்லை, விலைதான் தலைவலி.

மூன்று, கிராங்க் (பெடல் கை). மலைச் சட்டத்தின் பாட்டம் பிராக்கெட் அகலம் பெரும்பாலும் 73 மி.மீ., பின் ஹப் அகலம் 148. ஜிஆர்எக்ஸ் கிராங்கின் அச்சு 68 மி.மீ.க்கானது, அங்கே எட்டாது. மலைக் கிராங்கே போட வேண்டும். முன் பல்சக்கரமும் 36 அல்லது 38 பல்லோடு நின்றுவிடும், அதற்கு மேல் செயின் ஸ்டேயில் (பின்சக்கரத்துக்குப் போகும் சட்டக் குழாய்) உரசும். 29 × 2.25 டயரில் 34 பல், பின்னால் 10, நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் மணிக்கு 42 கி.மீ. 38 போட்டால் 47. சரளை வண்டியில் 42 பல் போட்டு 10இல் மிதித்தால் 50ஐத் தொடும். கூட்டமாக ஓடும் பந்தயத்தில் இந்த வித்தியாசம் தெரியும்.

இத்தனை தொல்லை இருந்தும் செய்கிறார்கள். 2024 லெட்வில் 100 மைல் மலைப் போட்டியில் கீகன் ஸ்வென்சன் தாழ்பிடி மலை மிதிவண்டியில்தான் ஜெயித்தார். அது பெரும்பாலும் அகலமான மண் சாலை, ஒற்றையடிப் பாதை குறைவு. கையைக் குறுக்கி, உடலைத் தாழ்த்தி ஓட்டினால் காற்றில் மிச்சம். கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் 760 மி.மீ. நேர்பிடியின் பிடிமானம் 46 செ.மீ. தாழ்பிடிக்கு வராது.

– க. வே.

---

சரி. அப்படியானால் சல்சா கட்த்ரோட் எங்கே போகும்? கிராவல் பந்தயங்களில் ஓடுகிறது, கிராவல் என்றே பலர் எழுதுகிறார்கள். ஆனால் ராக்கி மலைத்தொடர் நெடுக ஓடும் டூர் டிவைடுக்காகச் செய்த வண்டி.

– இ.

---

போர்க் கேள்வியைக் கேளுங்கள். கட்த்ரோட்டின் கெட்டிப் போர்க் 480 மி.மீ.யைத் தாண்டும், 100 மி.மீ. சஸ்பென்ஷன் மாட்டினாலும் கோணம் கெடாது. 2020 மாடலில் பின் ஹப் 148, டயர் 2.4 அங்குலம் வரை. ஆகவே பாகம் வாங்கும்போது அது மலை மிதிவண்டி. ஆனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் வேறு: அதன் ரீச்சைத் தாழ்பிடிக்காகவே குறுக்கி வரைந்திருக்கிறார்கள், 35 மி.மீ. ஸ்டெம் தேவைப்படாது. அதாவது ‘மாற்றியமைத்தது’, ‘பிறவியிலேயே தாழ்பிடி’ என்று இரண்டு உட்பிரிவு. தலைப்புச்சொல் ஒன்றே போதும், விளக்கத்தில் பிரிக்கலாம். எதிர்ப்பக்கத்தில் ராக்‌ஷாக்ஸ் ரூடி மாதிரி 30, 40 மி.மீ. சஸ்பென்ஷன் போட்ட சரளை வண்டிகள் உண்டு. சஸ்பென்ஷன் இருப்பதால் அவை மலை மிதிவண்டி ஆகிவிடாது. நூறு மி.மீ. போர்க்கை அதில் மாட்டினால் ஹெட் குழாய் வெல்டு வாய் பிளக்க வாய்ப்பிருக்கிறது என்று விளக்கத்திலேயே எச்சரித்துவிடுங்கள்.

– க. வே.

---

நன்றி. இப்படிப் பதிகிறேன்:

சரளை மிதிவண்டி – தாழ்பிடிக்கும் குட்டைப் போர்க்குக்கும் வரைந்த சட்டம் கொண்டது. தார் இல்லாத வண்டிப் பாதைகளுக்கு உரியது. இணைச்சொல்: கிறவல் மிதிவண்டி.

தாழ்பிடி மலை மிதிவண்டி – மலை மிதிவண்டியின் போர்க் நீளம், ஹப், கிராங்க் அளவுகளைக் கொண்ட சட்டத்தில் தாழ்பிடி பொருத்தியது. நேர்பிடிக்கு வரைந்ததை மாற்றியமைத்ததாகவோ தொடக்கத்திலேயே தாழ்பிடிக்கு வரைந்ததாகவோ இருக்கலாம்.

அட்டவணையில் ஒரு சிக்கல். சட்டத்துக்கும் ரீச், கைப்பிடிக்கும் ரீச் என்று ஒரே சொல் வருகிறது. சட்ட நீட்டம், பிடி நீட்டம் என்று பிரிக்கிறேன். போர்க்குக்குக் ‘கவை’ என்று போடலாமா?

– சொ.

---

கவை நல்ல சொல்தான், ஆனால் பட்டறையில் யாருக்கும் புரியாது. தலைப்பில் போர்க், இணைச்சொல்லில் கவை.

அட்டவணையில் ‘போர்க் நீளம்’ என்று ஒரு தனி நெடுவரிசை கட்டாயம் சேருங்கள். பல நிறுவனங்கள் விளம்பரப் பக்கத்தில் இதைப் போடுவதே இல்லை. அளக்கும் முறையையும் கீழே எழுதிவிடுங்கள்: முன் ஆக்ஸிலின் மையத்திலிருந்து, கிரவுன் ரேஸ் (கிரவுனில் மாட்டும் பேரிங் வளையம்) உட்காரும் தளம் வரை, ஸ்டீரர் குழாய்க்கு (ஹெட் குழாய்க்குள் போகும் போர்க்கின் தண்டு) இணையாக. டயர் மேல் வைத்து அளக்கக் கூடாது. சஸ்பென்ஷன் என்றால் ஆள் ஏறாமல் அளந்து, அது அமுங்கும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும், 100 மி.மீ. போர்க்குக்கு 20.

– க. வே.